35 லிட்டர் டேங்க்கில் 37 லிட்டர் எப்படி நுழைந்தது?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடமிருந்து எனக்கு வரும் முதல் போன் பெரும்பாலும் ஒரே மாதிரியாகத்தான் இருக்கும். "தம்பி, 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்குன்னு சொல்லி காசு வாங்கிட்டான். திறந்து பார்த்தா 465 தான் காட்டுது. மிச்சம் 35 எங்க போச்சு?" மதுரையில் கம்ப்யூட்டர் படித்தவன் ஒருவன் கிடைத்துவிட்டால் தெருவே இப்படித்தான் கேட்கும். கடைக்காரர் ஏமாற்றவில்லை என்று நானும் ஒவ்வொரு முறையும் பொறுமையாகச் சொல்வேன். டிஸ்க்கைத் தயாரிக்கும் நிறுவனம் 1,000 மெகாபைட்டை ஒரு கிகாபைட் என்று எண்ணுகிறது. விண்டோஸ் 1,024 மெகாபைட்டை ஒரு கிகாபைட் என்று எண்ணுகிறது. பொருள் ஒன்றுதான், எண்ணும் விதம் இரண்டு. 1,000 ஜிபி டிஸ்க் வாங்கினால் 931 என்று காட்டுவதும் இதனால்தான்.

இவ்வளவு தெளிவாக அடுத்தவருக்குச் சொல்லத் தெரிந்த நான், இதே போன்ற ஒரு விஷயத்தில் பெட்ரோல் பங்க்கில் ஒரு பையனைத் திருடன் ஆக்கிவிட்டு வந்தேன். அந்தக் கணக்கைக் கண்டுபிடித்துக் கொடுத்தது எங்கள் வீட்டுப் பழைய லேப்டாப்பும் அதில் இருந்த எக்செல்லும்தான். அதனால்தான் கார் டேங்க் பற்றிய இந்த விஷயத்தைக் கம்ப்யூட்டர் இதழில் எழுதுகிறேன்.

2025 சித்திரைத் திருவிழா முடிந்து இரண்டு வாரம் இருக்கும். அருப்புக்கோட்டையில் அத்தை வீட்டு விசேஷம். அப்பாவின் கார் 2012 மாடல் சான்ட்ரோ, இரண்டாம் கையாக வாங்கியது. அவர் கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது வருடம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். பெட்ரோல் போடுவதிலும் அவருக்கு ஒரு முறை உண்டு. முள் சிவப்பைத் தொடும்வரை ஓட்டுவார், பிறகு கழுத்து வரைக்கும் நிரப்புவார். "கொஞ்சம் கொஞ்சமா போட்டா கணக்கு நிக்காது" என்பார். அன்று திரும்பி வரும்போது முள் 'ஈ' என்ற எழுத்துக்கும் கீழே கிடந்தது. இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம் தவிர வேறொன்றும் இல்லாத ரோட்டில், மதியம் இரண்டு மணி வெயிலில், நான் மூச்சைப் பிடித்துக் கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். ஒரு வழியாக ரிங் ரோட்டுக்கு அருகில் ஒரு பங்க் வந்தது.

"ஃபுல் பண்ணுப்பா" என்றார் அப்பா. இருபது வயது இருக்கும் அந்தப் பையனுக்கு. சீரோ காட்டிவிட்டு அடித்தான். தானாக நின்ற பிறகும் அப்பா சொன்னபடி காரை ஆட்டி ஆட்டி ஊற்றினான். மீட்டரில் 37.12 லிட்டர்.

அப்பா இறங்கிவிட்டார். "தம்பி, டேங்க்கே முப்பத்தஞ்சுதான். மிச்சம் ரெண்டு லிட்டரை எங்க ஊத்துன?"

"சீரோ பாத்துட்டுதானய்யா அடிச்சேன். நீங்களும் பாத்தீகள்ல?"

இந்த இடத்தில் நான் வாயை மூடிக் கொண்டிருந்திருக்கலாம். டேஷ்போர்டைத் திறந்து கார் கையேட்டை எடுத்து, எரிபொருள் கொள்ளளவு 35 லிட்டர் என்று போட்டிருக்கும் பக்கத்தை மேனேஜரிடம் நீட்டினேன். பொறியியல் பட்டதாரி காட்டும் ஆதாரத்துக்கு மதிப்பு இருக்கத்தானே செய்யும். கூட்டம் கூடிவிட்டது. மேனேஜர் கல்லாவிலிருந்து 215 ரூபாயை எடுத்து அப்பா கையில் கொடுத்துவிட்டு, பையனைப் பார்த்து, "சம்பளத்துல பிடிச்சுக்கிறேன்" என்றார். பையன் ஒன்றும் பேசவில்லை. அடுத்த வண்டிக்குப் போய்விட்டான்.

அப்பாவின் சந்தேகம் ஒரேயடியாக ஆதாரம் இல்லாதது என்றும் சொல்ல முடியாது. 2017 ஏப்ரலில் லக்னோவில் உத்தரப் பிரதேச சிறப்பு அதிரடிப்படை பல பங்க்குகளில் சோதனை போட்டபோது, பம்ப்புக்குள் சிறிய எலக்ட்ரானிக் சிப் வைத்து, மீட்டர் காட்டுவதைவிடக் குறைவாக ஊற்றியது பிடிபட்டது. ரிமோட்டால் இயக்கும் சிப். நம் துறைக்காரன் எவனோ உட்கார்ந்து செய்து கொடுத்ததுதான். பேப்பரில் இதையெல்லாம் படித்தவர் அப்பா.

சரி, எக்செல்லுக்கு வருவோம். ஜூலையில் நான் புது லேப்டாப் வாங்கியதும் பழையதை அப்பாவிடம் கொடுத்தேன். மவுஸ் பிடிக்கப் பழகிய மறுநாளே அவர் கேட்டது, "இதுல பேரேடு போடலாமா?" என்பதுதான். 2022-இல் கார் வாங்கிய நாளிலிருந்து அவர் ஒரு நீள நோட்டில் பெட்ரோல் கணக்கு எழுதி வந்தார். அதையே பயிற்சியாக எக்செல்லில் ஏற்றச் சொன்னேன். நீங்களும் செய்து பார்க்கலாம். கார்தான் வேண்டும் என்று இல்லை, பைக்குக்கும் இதே கணக்குதான். எக்செல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம்.

முதல் வரிசையில் தலைப்புகள். ஏ காலத்தில் தேதி, பி காலத்தில் ஓடோமீட்டர் காட்டும் மொத்த கிலோமீட்டர், சி காலத்தில் ஊற்றிய லிட்டர். டி, இ இரண்டையும் கம்ப்யூட்டரே நிரப்பட்டும். டேங்க்கை முதன்முதலாக நிரப்பிய விவரத்தை இரண்டாம் வரிசையில் எழுதவும். அதற்கு மைலேஜ் கிடையாது, அது தொடக்கப் புள்ளி மட்டுமே. அடுத்த முறை நிரப்பும்போது மூன்றாம் வரிசையில் எழுதிவிட்டு, டி3 செல்லில் சமக்குறி போட்டு பி3-பி2 என்று டைப் செய்து என்டர் தட்டவும். இடையில் ஓடிய தூரம் வந்துவிடும். இ3 செல்லில் சமக்குறி போட்டு டி3/சி3 என்று கொடுத்தால் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது கிடைக்கும். பிறகு இந்த இரண்டு செல்களையும் தேர்ந்தெடுத்து, வலது கீழ் மூலையில் மவுஸை வைத்தால் கர்சர் சிறிய கறுப்புக் கூட்டல் குறியாக மாறும். அதை அப்படியே பிடித்துக் கீழே இழுத்தால் மற்ற வரிசைகளுக்கும் பார்முலா போய்விடும்.

இது சரியாக வர ஒரே ஒரு நிபந்தனை உண்டு. ஒவ்வொரு முறையும் டேங்க் ஒரே அளவுக்கு நிரம்ப வேண்டும். அப்படி நிரம்பினால், இன்று ஊற்றும் பெட்ரோல் என்பது சென்ற முறை நிரப்பிய பிறகு எரிந்த பெட்ரோல்தான். டேங்க் எத்தனை லிட்டர் என்பதே இந்தக் கணக்குக்குத் தேவையில்லை. இதைக் கவனத்தில் வைத்துக் கொள்ளுங்கள்.

அப்பா மாட்டிக் கொண்ட இடங்களையும் சொல்லிவிடுகிறேன், புதியவர்கள் எல்லோரும் மாட்டும் இடங்கள்தான். லிட்டர் காலத்தில் '28.1 லி' என்று எழுத்தோடு சேர்த்து டைப் செய்தார். எக்செல்லுக்கு அது எண் அல்ல, வெறும் சொல். பக்கத்து செல்லில் '#வேல்யூ!' என்று பிழை வந்தது. எண்ணை மட்டும் எழுத வேண்டும், லிட்டர் என்பதைத் தலைப்பில் போட்டால் போதும். இன்னொன்று இதைவிட வேடிக்கை. முள் எங்கே நின்றது என்று ஒரு காலம் சேர்த்தார். பாதி டேங்க் என்பதற்கு 1/2 என்று டைப் செய்தார். எக்செல் அதைத் தேதியாக எடுத்துக் கொண்டு பிப்ரவரி 1 என்று மாற்றிவிட்டது. "டேங்க்ல பிப்ரவரி மாசம் இருக்குடா" என்று கூப்பிட்டார். பின்னம் வேண்டுமானால் முதலில் ஒரு சைபர், ஓர் இடைவெளி, பிறகு 1/2 என்று டைப் செய்யவும். அல்லது 0.5 என்றே போடவும்.

எல்லாம் ஏற்றி முடித்த இரவு அவர் என்னைக் கூப்பிட்டு ஸ்கிரீனைக் காட்டினார். அந்த வருடத்தின் நான்கு வரிசைகள். 412 கி.மீ. 28.1 லிட்டர், மைலேஜ் 14.66. 366 கி.மீ. 24.9 லிட்டர், 14.70. 455 கி.மீ. 31.2 லிட்டர், 14.58. நான்காவது சண்டை நாள். 548 கி.மீ. 37.12 லிட்டர், 14.76.

"இதுல ஒண்ணு சரியில்ல பாரு" என்றார்.

நான் சி காலத்தில் 37.12-ஐ அழித்துவிட்டு 35 என்று போட்டுப் பார்த்தேன். மைலேஜ் 15.66 ஆகத் தாவியது. மற்ற மூன்றும் 14.6-க்கு முன்னும் பின்னும் நிற்க, அன்றைக்கு மட்டும் கார் எப்படி ஒரு கிலோமீட்டர் கூடுதலாக ஓடும்? மற்ற மூன்று முறையும் வெவ்வேறு பங்க்குகளில் போட்டது வேறு. அந்த 548 கிலோமீட்டருக்கு எங்கள் கார் 37 லிட்டர் குடித்துத்தான் இருக்க வேண்டும். பையன் ஊற்றியதும் 37 லிட்டர்தான். தவறாக இருந்தது மீட்டர் அல்ல, நான் கையேட்டில் காட்டிய 35-ஐப் புரிந்து கொண்ட விதம்.

அப்படியானால் அந்த 35 என்பது என்ன? வாட்டர் டேங்க் போல விளிம்பு வரை நிரப்பினால் பிடிக்கும் அளவு அல்ல அது. தயாரிப்பாளர் நிரப்பச் சொல்லும் அளவு. அதற்கு மேல் வேண்டுமென்றே காலி இடம் விடப்படுகிறது. பெட்ரோல் சூட்டில் விரியும். 35 லிட்டர் பெட்ரோலின் வெப்பம் 10 டிகிரி கூடினால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு லிட்டர் பெருகும். தரைக்கு அடியில் குளிர்ச்சியாக இருந்த பெட்ரோலை நிரப்பிக் கொண்டு வந்து, மே மாத மதுரை வெயிலில் காரை நிறுத்தினால் அதற்குப் போக இடம் வேண்டும். ஆவிக்கும் இடம் வேண்டும். இது போக மூடியிலிருந்து டேங்க் வரை வரும் குழாயின் கழுத்து வேறு இருக்கிறது. கழுத்துவரை நிரப்பும் என் அப்பாவைப் போன்றவர்களுக்கு இந்த இடங்களும் சேர்ந்து நிரம்பிவிடும். எவ்வளவு கூடுதலாகப் பிடிக்கும் என்பது காருக்குக் கார் மாறும். எல்லா வண்டிக்கும் இத்தனை சதவீதம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம்.

அப்படிக் கழுத்துவரை நிரப்புவது நல்லதும் அல்ல. ஆவியைப் பிடித்து இன்ஜினுக்குத் திருப்பி அனுப்ப, கரித்தூள் அடைத்த ஒரு சிறிய டப்பா காரில் இருக்கிறது. அளவுக்கு மீறி ஊற்றினால் பெட்ரோலே அதற்குள் போய் அதைக் கெடுத்துவிடும். பம்ப் தானாக நிற்பதன் காரணத்தையும் தெரிந்து கொள்ளலாம். அந்த மூக்கின் நுனியில் ஒரு சிறிய துளை இருக்கும். பெட்ரோல் பாயும்போது அந்தத் துளை வழியே காற்று உறிஞ்சப்பட்டுக் கொண்டே இருக்கும். பெட்ரோல் மட்டம் உயர்ந்து துளையை மூடியதும் காற்று நின்று, உள்ளே உள்ள வால்வு சட்டென மூடிக் கொள்ளும். கம்ப்யூட்டரும் இல்லை, சென்சாரும் இல்லை. அந்த முதல் 'டக்' சத்தத்தோடு நிறுத்துவதுதான் முறை. மைலேஜ் கணக்குக்கும் அதுவே நல்ல அளவுகோல்.

முள் விஷயத்தையும் பார்த்துவிடுவோம். டேங்க்குக்குள் ஒரு மிதவை, அதோடு ஒரு கம்பி, கம்பியின் முனையில் மின்தடை மாறும் ஒரு பட்டை. மிதவை இறங்க இறங்க மின்தடை மாறும், அதற்கேற்ப முள் நகரும். பள்ளத்தில் கார் குலுங்கும்போதெல்லாம் முள் ஆடக் கூடாது என்பதற்காக அதன் வேகத்தைக் குறைத்து வைத்திருப்பார்கள். புதிய கார்களில் முள்ளுக்குப் பதில் கட்டங்கள், கூடவே இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்ற எண். அது சமீபத்தில் கார் ஓடிய மைலேஜை வைத்துச் செய்யும் ஊகம். நான்கு வழிச் சாலையில் வந்த மைலேஜை வைத்துக் கொண்டு, கீழவாசல் நெரிசலிலும் அதே தூரம் ஓடும் என்று அது சொல்லிக் கொண்டிருக்கும், பிறகு மளமளவென்று குறைக்கும்.

எங்கள் ஷீட்டில் முள் காலத்தைப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. முள் சரியாகப் பாதியில் நிற்கும்போது நிரப்பினால் 21 லிட்டர் பிடிக்கிறது. அதாவது மேல் பாதி 21 லிட்டர், ஏறத்தாழ 300 கிலோமீட்டர். கீழ்ப் பாதி அவ்வளவு இல்லை. கழுத்துவரை நிரப்பினால் மிதவை எட்டும் உயரத்துக்கும் மேலே பெட்ரோல் நிற்கும், அது தீரும்வரை முள் அசையாது. டேங்க்கும் செவ்வகப் பெட்டி அல்ல, பின் சீட்டுக்கு அடியில் கிடைத்த இடத்துக்குத் தகுந்தாற்போல் வளைந்து நெளிந்த வடிவம். போகும்போது பாதி காட்டியது, திரும்பி வருவதற்கும் பாதி போதும் என்று கிளம்பிய அன்றைக்கு ஏன் சீமைக்கருவேலங் காட்டில் வியர்த்தோம் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. கடைசிச் சொட்டு வரை ஓட்டுவதில் இன்னொரு கெடுதலும் உண்டு. டேங்க்குக்குள் இருக்கும் மோட்டார் பம்ப்பைக் குளிர்விப்பதும் அதே பெட்ரோல்தான்.

உங்கள் லேப்டாப்பிலும் இப்படி ஒரு முள் இருக்கிறது. பேட்டரிக்குள் சார்ஜை அளக்கும் சிப்புக்கு எலக்ட்ரானிக்ஸ் துறையில் வைத்திருக்கும் பெயரே 'ஃபூயல் கேஜ்'. உள்ளே போகும் மின்னோட்டத்தையும் வெளியே வரும் மின்னோட்டத்தையும் எண்ணி மிச்சத்தைச் சொல்லும். பேட்டரி பழசாகும்போது டேங்க்கே சுருங்கிவிடும், ஆனால் நிரப்பினால் 100 என்றுதான் காட்டும். அப்பாவிடம் கொடுத்த லேப்டாப் 18 சதவீதத்திலிருந்து ஒரே தாவாக அணைந்துவிடுகிறது. விண்டோஸில் பேட்டரி ரிப்போர்ட் எடுத்துப் பார்த்தால் தயாரித்தபோது இருந்த கொள்ளளவும், இப்போது முழு சார்ஜில் பிடிக்கும் கொள்ளளவும் அருகருகே இருக்கும். பழைய லேப்டாப் வாங்குபவர்கள் கடையிலேயே இதைக் கேட்டுப் பார்த்து வாங்குவது நல்லது.

கணக்கில் அலகு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு இந்தத் துறையில் பெரிய உதாரணம் ஒன்று உண்டு. 1983 ஜூலை 23 அன்று ஏர் கனடாவின் போயிங் 767 விமானம் எரிபொருள் தீர்ந்து, 69 பேருடன் நடுவானில் இரண்டு இன்ஜினும் நின்றுவிட்டது. எரிபொருள் காட்டும் கருவி அன்று வேலை செய்யவில்லை. குச்சி விட்டு அளந்து, கையால் கணக்குப் போட்டார்கள். லிட்டரைக் கிலோவாக மாற்ற ஏறத்தாழ 0.8-ஆல் பெருக்க வேண்டிய இடத்தில், பவுண்டுக்கு உரிய 1.77-ஆல் பெருக்கிவிட்டார்கள். 20,088 லிட்டர் ஊற்ற வேண்டியதற்கு 4,916 லிட்டர்தான் ஊற்றினார்கள். விமானி கிளைடர் போல மிதக்கவிட்டு, கிம்லி என்ற ஊரின் பழைய விமானப்படைத் தளத்தில் இறக்கினார். யாரும் சாகவில்லை. கூட்டல், கழித்தல், பெருக்கல் எல்லாம் சரி. பார்முலாவில் உட்கார்ந்திருந்த ஓர் எண் மட்டும் தவறு. எங்கள் 35-ம் அந்த ரகம்தான்.

நோட்டின் முதல் பக்கங்களில், 2022-இல், இதே காரின் மைலேஜ் 15.4 என்று இருக்கிறது. 2023 முதல் படிப்படியாக 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தது. எத்தனாலில் லிட்டருக்கு உள்ள சக்தி பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கு வடிவமைத்து 10 சதவீதத்துக்குச் சரிசெய்த கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே மதிப்பிட்டிருந்தது. எங்கள் காரில் குறைந்தது அதனாலா, வயதாலா, மதுரை டிராஃபிக்காலா என்று பிரித்துச் சொல்ல எக்செல்லால் முடியாது. காலையில் போட்டால் பெட்ரோல் அதிகம் கிடைக்கும் என்ற நம்பிக்கையையும் அப்பா ஷீட்டில் சோதித்தார். வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. பூமிக்கு அடியில் உள்ள டேங்க்கின் வெப்பம் காலைக்கும் மாலைக்கும் பெரிதாக மாறுவதில்லை.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை இருவரும் மறுபடி அதே பங்க்குக்குப் போனோம். அப்பா மேனேஜரிடம், "ஒரு அஞ்சு லிட்டர் கேன்ல பிடிச்சுக் காட்டுங்க" என்றார். இது நீங்களும் கேட்கலாம். முத்திரை போட்ட 5 லிட்டர் அளவுப் பாத்திரம் ஒவ்வொரு பங்க்கிலும் இருக்க வேண்டும், வாடிக்கையாளர் கேட்டால் பிடித்துக் காட்ட வேண்டும். 5 லிட்டருக்கு 25 மில்லி வரை வித்தியாசம் அனுமதிக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் இதைக் கவனிப்பது தொழிலாளர் துறையின் கீழ் உள்ள சட்டமுறை எடையளவுப் பிரிவு. அன்று சண்டை போடாமல் இதைக் கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். மேனேஜர் முகம் சுளிக்காமல் பிடித்துக் காட்டினார். கோட்டுக்குப் பத்து மில்லிகூடக் குறையவில்லை.

அப்பா சட்டைப் பையிலிருந்து 215 ரூபாயை எடுத்து, "அந்தத் தம்பிய கூப்பிடுங்க" என்றார்.

"அவன் அந்த மாசமே நின்னுட்டான் சார். திருப்பூருக்குப் போயிட்டதா சொன்னாங்க" என்றார் மேனேஜர். போன் நம்பர் கேட்டோம். பழைய நம்பர் ஒன்று கொடுத்தார். அது உபயோகத்தில் இல்லை. பையனின் ஊர் கொட்டாம்பட்டிப் பக்கம் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரிந்திருந்தது. பணத்தை மேனேஜரிடம் கொடுத்துவிட்டு வர அப்பாவுக்கு மனம் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் லேப்டாப்பைத் திறந்தார். பெட்ரோல் ஷீட்டில், சண்டை நடந்த தேதிக்கு நேராக, எஃப் காலத்தில் 215 என்று டைப் செய்து, மேலே 'கொடுக்க வேண்டியது' என்று தலைப்புப் போட்டார். செல்லுக்குச் சிவப்பு நிறம் கொடுப்பது எப்படி என்று என்னிடம் கேட்டார், காட்டிக் கொடுத்தேன். கொட்டாம்பட்டி வழியாகத் திருச்சிக்குப் போகும்போதெல்லாம் டீக்கடையில் காரை நிறுத்தி விசாரிக்கிறார். அந்த செல் இன்னும் சிவப்பாகத்தான் இருக்கிறது.